நரம்புக்குத் துணைநிற்கும் கலம்: தியோடர் சுவானின் வாழ்க்கை



கத்தியோ உடைந்த கண்ணாடியோ மணிக்கட்டில் ஆழமாக வெட்டி, உள்ளே ஓடும் நரம்பும் அறுந்துபோன ஒருவரை நீங்கள் எங்காவது கண்டிருப்பீர்கள். வைத்தியர் நரம்பைப் பொருத்தித் தைத்துவிடுகிறார். காயமும் சில கிழமைகளில் ஆறிவிடுகிறது. ஆனால் விரல்கள் மரத்தே கிடக்கின்றன. சூடு தெரியாது, ஊசி குத்தினாலும் தெரியாது. இனி இந்தக் கை இப்படித்தான் என்று வீட்டார் மனம் சோர்ந்திருக்கும் வேளையில், உள்ளங்கையில் ஒரு குறுகுறுப்புத் தோன்றுகிறது. அது மாதக்கணக்கில் மெல்ல மெல்ல விரல்நுனியை நோக்கி நகர்கிறது. அறுந்த நரம்பு மீண்டும் வளர்ந்து வருகிறது என்பதற்கு அதுவே அறிகுறி.

அப்படி வளர்ந்து வரும் நரம்புக்கு வழியைத் துப்புரவாக்கி, ஊட்டம் அளித்து, திசை காட்டி அழைத்துச் செல்லும் மிகச் சிறிய துணைக் கலங்கள் நம் உடலில் இருக்கின்றன. அவற்றுக்குச் சுவான் கலங்கள் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் உயிரியல் படித்தவர்கள் இந்தப் பெயரை மனனஞ் செய்திருப்பீர்கள். ஆனால் அந்தப் பெயருக்குரியவர் யார், எப்படி வாழ்ந்தார் என்பதைப் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை. அவர் ஆழ்ந்த விசுவாசமுள்ள கத்தோலிக்கர். தாம் கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்ல மறுத்தவர். அவருடைய வாழ்க்கையை இங்கே சுருக்கமாகத் தருகிறோம்.

அச்சுக்கூட வீட்டுப் பிள்ளை

றைன் நதிப் பக்கத்திலே நொய்ஸ் என்னும் பழைய ஜேர்மன் நகரில் 1810ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் திகதி தியோடர் சுவான் பிறந்தார். தந்தையார் லெயோனார்ட் முதலில் பொற்கொல்லர். பின்பு அச்சுக்கூடம் நிறுவியவர். பிள்ளைகள் பலர் நிறைந்த வீடு அது. பொன்னிலும் அச்செழுத்திலும் நுண்ணிய வேலை நடக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, சிறியவற்றைப் பொறுமையோடு உற்றுநோக்கும் பழக்கம் இயல்பாகவே வந்திருக்கலாம்.

பக்கத்திலுள்ள கொலோன் நகரில் மூவிராசாக்கள் பெயரால் விளங்கிய கல்லூரியிலே அவர் கற்றார். முன்னொரு காலம் யேசுசபையினர் நடத்திவந்த கல்லூரி அது. அங்கே மறைக்கல்வி கற்பித்த வில்லெம் ஸ்மெட்ஸ் என்னும் குருவானவர் மாணவனின் உள்ளத்தை மிகவும் கவர்ந்தார். ஒவ்வொரு மனிதனுடைய ஆன்மாவும் தனித்தன்மை கொண்டது, சுயாதீனமுள்ளது என்னும் போதனை சுவானின் மனத்தில் ஆழப் பதிந்தது.

1829இல் அவர் பொன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே உடற்றொழிலியல் மேதையான யொகான்னஸ் முல்லரின் பழக்கம் கிடைத்தது. பின்பு வூர்ஸ்பேர்க் நகரில் வைத்தியப் பயிற்சி பெற்று, முல்லர் பெர்லினுக்குப் பேராசிரியராகச் சென்றதும் தாமும் அங்கே போய், 1834இல் வைத்தியப் பட்டம் பெற்றார். நோயாளரைப் பார்த்துப் பணம் சம்பாதிக்கும் வழி திறந்திருந்தது. அவரோ முல்லரின் உதவியாளராகச் சொற்பச் சம்பளத்துக்கு அமர்ந்து, நுணுக்குக்காட்டியின் முன்னே நாட்களைக் கழித்தார்.

பெர்லினில் ஐந்து ஆண்டுகள்

1834 முதல் 1839 வரையான அந்த ஐந்து ஆண்டுகளில் அவர் செய்த வேலை ஒரு வாழ்நாளுக்குப் போதுமானது. இரைப்பையிலே இறைச்சி எவ்வாறு கரைகிறது என்று ஆராய்ந்து, 1836இல் பெப்சின் என்னும் பொருளைக் கண்டுபிடித்தார். விலங்கின் உடலிலிருந்து பெறப்பட்ட முதலாவது நொதியம் அதுதான்.

அடுத்து நொதித்தலை ஆராய்ந்தார். நம் வீடுகளில் அப்பமாவைப் புளிக்க வைக்கும்போது கள்ளு விடுவார்கள். கள்ளில் இருப்பது மதுவம். இந்த மதுவம் உயிருள்ள ஒன்று, அது வெல்லத்தை உண்டு வளரும்போதுதான் மதுசாரம் உண்டாகிறது என்று சுவான் 1837இல் எழுதினார். அக்காலத்து இரசாயன அறிஞர்கள் இதை ஏற்கவில்லை. லீபிக், வோலர் என்னும் பெரும் புகழ் பெற்ற இருவரும் 1839இல் தங்கள் சஞ்சிகையிலே பெயர் போடாமல் ஒரு கேலிக் கட்டுரை வெளியிட்டார்கள். மதுவத்தை வாயும் வயிறும் உள்ள பிராணியாக வர்ணித்து, அது வெல்லத்தைத் தின்று சாராயம் கழிப்பதாக எழுதி எல்லாரையும் சிரிக்க வைத்தார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் பிரான்சு நாட்டின் லூயி பஸ்தேர், மதுவம் உயிருள்ளதே என்று உறுதிப்படுத்தினார். ஆனால் கேலி செய்யப்பட்ட நாட்களில் சுவானுக்கு ஜேர்மனியில் பேராசிரியர் பதவி எதுவும் கிட்டவில்லை.

கலம் என்னும் அலகு

அந்த நாட்களிலேதான் தாவரவியல் அறிஞர் மத்தியாஸ் ஷ்லைடன் அவருக்கு நண்பரானார். ஒருநாள் இருவரும் உணவருந்திக்கொண்டிருந்தபோது, தாவரங்களின் கலங்களுக்குள்ளே காணப்படும் கருவைப் பற்றி ஷ்லைடன் பேசினார். சுவானுக்குத் திடீரென்று ஒன்று நினைவுக்கு வந்தது. வாற்பேத்தையின் முதுகுத் தண்டிலே தாம் கண்ட சிறு உருண்டைகளிலும் அதே போன்ற கரு இருந்தது. உடனே இருவரும் ஆய்வுகூடத்துக்குப் போய் நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றே என்பது தெளிவாயிற்று.

1839இல் சுவான் ஒரு நூல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 28. தாவரமோ விலங்கோ எதுவாயினும், அதன் உடல் கலங்களாலும் கலங்கள் ஆக்கிய பொருள்களாலும் ஆனது என்பதே அந்நூலின் சாரம். எலும்பு, பல், தோல், தசை, நரம்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து அவர் அதைக் காட்டினார். இன்று பிள்ளைகள் உயிரியலில் முதற்பாடமாகக் கற்கும் கலக்கொள்கை இவ்வாறு நிலைபெற்றது. இலண்டன் ரோயல் சங்கம் 1845இல் கொப்லி பதக்கத்தை அவருக்கு அளித்தது.

இதே நூலின் நரம்பைப் பற்றிய பகுதியிலேதான் நாம் தொடக்கத்தில் சொன்ன துணைக் கலங்கள் வருகின்றன. பிறவாத விலங்குக் குட்டிகளின் நரம்புகளை நோக்கியபோது, நார் நெடுகிலும் கருக்கள் வரிசையாக அமைந்திருப்பதைச் சுவான் கண்டார். கண்டது முற்றிலும் சரி. அதற்கு அவர் கூறிய விளக்கம் சரியன்று. கலங்கள் வரிசையாக ஒட்டி ஒன்றாகி நரம்பு நாராக மாறுகின்றன என்று அவர் நினைத்தார். உண்மையில் அந்தக் கலங்கள் நரம்பு அல்ல, நரம்பின் தோழர்கள். இது தெளிவாக இன்னும் எழுபது ஆண்டுகள் சென்றன.

பெல்ஜியத்தில் ஒரு பேராசிரியர்

1839இல் பெல்ஜியத்திலுள்ள லூவேன் கத்தோலிக்க பல்கலைக்கழகம் உடலமைப்பியல் கற்பிக்க அவரை அழைத்தது. அங்கே ஒன்பது ஆண்டுகள் கற்பித்தார். பித்தநீர் இல்லாமல் உணவு சரியாகச் சமிப்பதில்லை, விலங்கு நலமாக வாழ்வதுமில்லை என்று 1844இல் பரிசோதனை மூலம் காட்டினார். 1848இல் லியேஜ் நகருக்கு மாறி, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். பிற்காலத்தில் ஜேர்மன் பல்கலைக்கழகங்கள் பல அவரை அழைத்தும் அவர் போகவில்லை. திருமணம் செய்யவில்லை. மாணவருக்குக் கற்பிப்பதும், கருவிகள் செய்வதும், செபிப்பதுமாக அமைதியாக வாழ்ந்தார். லியேஜ் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பிரதேசம். நச்சுவாயு நிறைந்த சுரங்கத்துள் இறங்கி மற்றவர்களை மீட்பவர்களுக்கென, மூச்சுவிட உதவும் கருவி ஒன்றை அவர் வடிவமைத்தார்.

முதுமையில் அவருக்கு ஒரு சோதனை வந்தது. பெல்ஜியத்தில் புவா-தென் என்னும் கிராமத்தில் லூயிஸ் லாதோ என்ற இளம் பெண்ணின் உடலில் ஆண்டவரின் ஐந்து காயங்கள் தோன்றுவதாகச் செய்தி பரவியது. மக்கள் திரண்டனர். விஞ்ஞானியாகவும் விசுவாசியாகவும் பெயர் பெற்ற சுவான் அங்கே அழைக்கப்பட்டார். 1869 மார்ச் 26, பெரிய வெள்ளிக்கிழமை, அவர் முன்னிலையில் பரிசோதனைகள் நடந்தன. நடந்தவை எதையும் அற்புதம் என்று நிரூபிக்கப் போதாதவை என்பது அவருடைய முடிவு. ஆனால் அவர் அற்புதத்தை உறுதிப்படுத்தினார் என்று கதை பரவியது. 1875இல் அவர் ஒரு சிறு நூலை வெளியிட்டு, தாம் கண்டது என்ன, தாம் சொல்லாதது என்ன என்று விளக்கினார்.

வாசகர்களே, இது இலகுவான காரியம் அல்ல என்பதை நீங்கள் உணர்வீர்கள். சும்மா இருந்திருந்தால் தம் சபையினர் எல்லாரும் அவரைப் போற்றியிருப்பார்கள். ஆனால் பொய்யான சாட்சியினால் விசுவாசம் வளராது என்பதை அவர் அறிந்திருந்தார். இளமையில் இரசாயன மேதைகளின் கேலிக்காகத் தாம் கண்டதை மாற்றிச் சொல்லாதவர், முதுமையில் தம்மவரின் புகழ்ச்சிக்காகவும் மாற்றிச் சொல்லவில்லை.

1878இல் லியேஜ் நகரில் அவருக்குப் பெருவிழா எடுத்தார்கள். பல நாட்டு விஞ்ஞானிகள் தங்கள் புகைப்படங்களைச் சேர்த்து ஒரு தொகுப்பாக அவருக்கு அளித்தனர். 1882ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் திகதி கொலோன் நகரில் அவர் உயிர் நீத்தார். அந்நகரின் மெலாட்டன் சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டார்.

கலத்தின் வேலை தெளிவானது

இனி அவருடைய பெயர் தாங்கும் கலத்தின் கதையைக் கேளுங்கள். 1850இல் ஆங்கிலேயரான ஒகஸ்டஸ் வோலர் தவளையின் நாக்குக்குச் செல்லும் நரம்புகளை வெட்டிப் பார்த்தார். வெட்டிய இடத்துக்கு அப்பால், நாக்கின் பக்கமாக இருந்த நார்கள் சில நாட்களில் சிதைந்து துண்டு துண்டாயின. மற்றப் பகுதி பிழைத்திருந்தது. நரம்பு நார் என்பது தனியே வாழும் பொருள் அன்று. மூளையிலோ முண்ணாணிலோ அதன் அருகிலோ உள்ள தாய்க் கலத்திலிருந்து நீண்டு வரும் கிளை என்பது பின்னர் விளங்கியது. தாயிலிருந்து அறுந்த கிளை வாடுகிறது. தாயோடு இருக்கும் கிளை மறுபடியும் தளிர்க்கிறது.

1904இல் அமெரிக்கரான ரொஸ் ஹரிசன், தவளை முட்டைக் கருவிலே சுவான் கலங்கள் உண்டாகும் பகுதியை நீக்கிவிட்டார். அப்படியிருந்தும் நரம்பு நார்கள் வளர்ந்தன. எனவே சுவான் கலங்கள் நரம்பை ஆக்குவதில்லை என்பது உறுதியாயிற்று. அப்படியானால் அவற்றின் வேலை என்ன? ஸ்பெயின் நாட்டின் ராமோன் இ கஹால், 1906இல் நொபெல் பரிசு பெற்றவர், 1913, 1914ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட பெருநூலில் விடையின் பெரும்பகுதியைத் தந்தார். அறுந்த நாரின் நுனி மொட்டுப்போல் அரும்பி, சுவான் கலங்கள் இருக்கும் வழியைத் தேடிப் போகிறது என்று அவர் காட்டினார். 1954இல் பெற்றி கெரன் என்னும் பெண் ஆராய்ச்சியாளர், நரம்பைச் சுற்றியுள்ள மயலின் என்னும் கொழுப்புறையும் சுவான் கலமே நாரைச் சுற்றிச் சுற்றித் தன்னைச் சுருட்டிக்கொள்வதால் உண்டாவது என்று கண்டார்.

இன்று அறிந்தவற்றைச் சேர்த்துச் சொன்னால் காரியம் இவ்வாறு நடக்கிறது. நரம்பு நலமாயிருக்கும்போது சுவான் கலம் அதற்கு உறையாக இருக்கிறது. மின்கம்பிக்கு மேல் இருக்கும் உறை போன்றது என்று எண்ணிக்கொள்ளுங்கள். உறை இருப்பதால் செய்தி விரைந்து செல்கிறது.

நரம்பு அறுந்ததும், ஓரிரு நாட்களுக்குள் வெட்டுக்கு அப்பாலுள்ள சுவான் கலங்கள் தங்கள் பழைய தொழிலை விட்டுவிடுகின்றன. மயலின் செய்வதை நிறுத்துகின்றன. தாங்களே செய்த உறையைத் தாங்களே உடைத்து அகற்றுகின்றன. குருதியில் வரும் விழுங்கு கலங்களையும் துணைக்கு அழைத்து, சிதைந்த நாரின் குப்பைகளைத் துப்புரவாக்குகின்றன. பின்பு பெருகி, நீண்டு மெலிந்து, பழைய நார் ஓடிய குழாய்க்குள்ளேயே வரிசையாக நிற்கின்றன. வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரக்கின்றன. கொடிக்குக் கொழுகொம்பு நட்டு, அடியில் தண்ணீரும் விட்டதுபோல் ஆகிறது. தாய்க் கலத்திலிருந்து தளிர்த்து வரும் நார் அந்த வரிசையைப் பற்றிக்கொண்டு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் முன்னேறுகிறது. நார் வந்து சேர்ந்ததும் சுவான் கலங்கள் பழைய தொழிலுக்குத் திரும்பி மீண்டும் உறை அமைக்கின்றன.

நாளொன்றுக்கு 1 மில்லிமீற்றர் என்றால் கணக்கைப் பாருங்கள். மணிக்கட்டிலிருந்து விரல்நுனி 18 சென்ரிமீற்றர் என்று வைத்தால் ஆறு மாதம். முழங்கைக்கு மேலே வெட்டுப்பட்டால் ஒரு வருடத்துக்கு மேல். இதிலே ஒரு கண்டிப்பு உண்டு. துணைக் கலங்கள் முடிவில்லாமல் காத்திருப்பதில்லை. மாதங்கள் செல்லச் செல்ல அவற்றின் தொகையும் சுரப்பும் குறைகின்றன. நரம்பு வராத தசையும் வாடி, ஏறத்தாழ ஒரு வருடம் ஒன்றரை வருடம் சென்றபின் நரம்பு வந்து சேர்ந்தாலும் இயங்க மாட்டாது. ஆகவே ஆழமான வெட்டுக்குப் பின் விரல் மரத்திருந்தால் எண்ணெய் பூசிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

நரம்பின் இரு முனைகளையும் இழுக்காமல் பொருத்த முடியாதபடி இடைவெளி விழுந்துவிட்டால், சத்திரசிகிச்சை நிபுணர் நோயாளியின் கெண்டைக்காலின் பின்புறத்திலிருந்து ஒரு மெல்லிய நரம்பை எடுத்து இடையிலே வைத்துத் தைப்பார். பாதத்தின் வெளி ஓரம் சிறிது மரக்கும், கை பிழைக்கும். அங்கே வைத்த நரம்பின் நார்கள் இறந்துவிடுகின்றன. அதிலுள்ள சுவான் கலங்களே பாலமாகின்றன.

மூளையிலும் முண்ணாணிலும் சுவான் கலங்கள் இல்லை. அங்கே உறை செய்பவை வேறு கலங்கள். அவை இவ்வாறு வழிகாட்டுவதில்லை. முள்ளந்தண்டு முறிந்தவர் பலர் மீண்டும் நடக்க இயலாமற் போவதற்கு இது ஒரு காரணம். 1981இல் கனடாவின் மொன்றியல் நகரில் டேவிட், அகுவாயோ என்போர் எலியின் உடல் நரம்புத் துண்டொன்றை முண்ணாணோடு பொருத்தியபோது, மத்திய நரம்புத் தொகுதியின் நார்களும் அதற்குள் நெடுந்தூரம் வளர்ந்தன. 2012 முதல் அமெரிக்காவின் மயாமி நகரில் நோயாளியின் சொந்தச் சுவான் கலங்களையே பெருக்கி முண்ணாணில் இட்டுப் பார்த்தார்கள். பெரிய தீங்கில்லாமல் செய்யலாம் என்பது அதில் தெரிந்தது. முடமானவர் எழுந்து நடந்துவிட்டார் என்று எண்ணிவிடக் கூடாது. சுவான் உயிரோடிருந்தால் அவரும் இவ்வளவே சொல்லியிருப்பார்.

தமியான் அடிகளாரின் பாதம்

இந்தக் கலத்தோடு தொடர்புள்ள ஒரு செய்தி நம் குடும்பங்களுக்கு முன்பே தெரிந்தது. மொலொக்காய்த் தீவில் குஷ்டரோகிகளுக்குப் பணிபுரிந்த புனித தமியான், லூவேனுக்குக் கிட்டவுள்ள திரெமெலோ கிராமத்தில் 1840இல் பிறந்தவர். சுவான் அப்போது லூவேனில் கற்பித்துக்கொண்டிருந்தார். தமியான் 1873இல் மொலொக்காய் சென்றார். அதே 1873இல் நோர்வே வைத்தியர் ஹன்சன் குஷ்டரோகக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1884இல் ஒருநாள் தமியான் கொதிநீரிலே பாதத்தை வைத்தார். தோல் வெந்தும் நோவு தெரியவில்லை. நோய் தம்மைப் பற்றிக்கொண்டது என்று அப்போது உணர்ந்தார். 1889இல் இறந்தார். 2009இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

அந்த நோவு ஏன் தெரியவில்லை? குஷ்டரோகப் பற்றீரியா குடியிருக்கத் தேடும் இடங்களுள் முக்கியமானது சுவான் கலம். துணைவனுக்குள்ளேயே பகைவன் புகுந்துவிடுவதால் நரம்பு கெடுகிறது; தோல் மரக்கிறது. உணர்வற்ற கையும் காலும் சுட்டும் வெட்டியும் புண்ணாகி அழிகின்றன. தமியானுடைய நாளில் மருந்து இருக்கவில்லை. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துகளால் இந்நோய் முற்றாகக் குணமாகிறது. ஆனால் கெட்டுப்போன நரம்பை மருந்து எப்போதும் மீட்டுத் தருவதில்லை. ஆகவே உடலில் உணர்வில்லாத தேமல் எதையாவது கண்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். அப்படி ஒருவர் உங்கள் அயலில் இருந்தால் அவரை விலக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள்.

தியோடர் சுவான் இந்த வேலைகளில் எதையும் அறியாமலே இறந்தார். நார் நெடுகிலும் கருக்கள் இருக்கின்றன என்று கண்டதைக் கண்டபடி எழுதிவைத்தார். அவருடைய விளக்கம் பின்பு மாறியது. அவர் கண்டது மாறவில்லை. இன்று எங்கோ ஒரு வைத்தியசாலையில், மரத்துப்போன விரலில் முதற்தடவையாகச் சூடு உணர்ந்து ஒருவர் மகிழ்கிறார் என்றால், அந்த நரம்பைக் கைபிடித்து அழைத்து வந்த துணைவர்கள் சுவான் கலங்களே.